நாலு தகரம்தானுங்க

திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரனிடம் "தொழில் எப்படிங்க போகுது?" என்று யார் கேட்டாலும் "நல்லாப் போகுதுங்க" என்ற பதில்தான் வரும். நூல் விலை ஏறி ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட வருஷத்திலும் அதே பதில்தான். கொரோனா சமயத்தில் பனியன் கம்பெனி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, மனைவி சித்ரகலாவின் ஆறு தங்க வளையல்களை விற்றுத்தான் வேலையாட்களின் சாப்பாட்டுக்குக் கொடுத்தார். வெறுங்கையைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் விசாரித்ததற்கு, "வளையல் போட்டா அவளுக்குக் கை அரிக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். சித்ரகலாவும் பக்கத்தில் நின்று மணிக்கட்டைச் சொறிந்து காட்டினாள். இப்படி ஒரு மனிதரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? அவள் நடத்தினாள். பாதி நேரம் பெருமையாக, மீதி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு.

வீம்பு பிடித்த மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. திருப்பூர்த் தொழில் பேச்சில் ஓடுகிற தொழில். நூல் கடனுக்கு வருகிறது, சாயம் கடனுக்குப் போடுகிறார்கள், ஆர்டர் ஆளை நம்பி வருகிறது. 'அந்தக் கம்பெனி விழுந்துருச்சு' என்று டீக்கடையில் ஒருவன் சொன்னால் போதும், மறுநாள் நூல் வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பாது. அவரோடு ஒன்றாகத் தொழில் பழகிய நல்லான் அப்படித்தான் போனார். வெளிநாட்டுக்காரன் ஒருவன் சரக்கை வாங்கிக்கொண்டு கைவிரித்தபோது, நல்லான் மனசு தாங்காமல் நாலு பேரிடம் சொல்லி அழுதார். பத்தே நாளில் அவர் கம்பெனிக்கு யாரும் எதுவும் தரவில்லை. இப்போது அவர் வேறொருவர் கம்பெனியில் சம்பளத்துக்குத் துணி கட்டிங் பார்க்கிறார். "அவன் செஞ்ச ஒரே தப்பு வாயைத் தொறந்தது" என்பார் மகுடேஸ்வரன். அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றே இறங்கும். அந்த இறக்கம் சித்ரகலாவுக்கு மட்டும்தான் கேட்கும்.

சித்திரை கடைசியில் ஒரு சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தக் காற்று வந்தது. கோடை மழை வரும், கூடவே காற்றும் வரும், அது புதிதில்லை. இது வேறு. முதலில் கம்பெனிக் கூரையின் ஒரு மூலை தடதடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு தகரமாகக் கழன்று பக்கத்துச் சோளக்காட்டில் போய் விழுந்தது. தையலில் இருந்த பெண்கள் கட்டிங் டேபிளுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை, அது ஒன்றுதான் சாமி புண்ணியம். திறந்து கிடந்த கூரை வழியாக மழை அண்டாவைக் கவிழ்த்தது மாதிரிக் கொட்டியது. முப்பத்தாறு தையல் மெஷின், நூற்று நாற்பது ரோல் துணி, கப்பலுக்குக் கட்டி வைத்திருந்த பெட்டிகள் எல்லாம் நனைந்தன. சிவப்புத் துணியின் சாயம் வெள்ளைத் துணியின் மேல் வழிந்து தரையெல்லாம் இளஞ்சிவப்பாக ஓடியது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாக அங்கே வேலை செய்யும் மூக்கம்மாள்தான் தையல் பெண்களுக்கு மேற்பார்வை. "மொதலாளி, எல்லாம் போயிட்டே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். அப்போது மகுடேஸ்வரன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "கத்தாதீங்க. பக்கத்துக் கம்பெனிக்குக் கேக்கப்போகுது."

பொழுது விடிவதற்குள் அவர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்ய முடியாது. கூரைமேல் தார்ப்பாய் ஏறியது. நனைந்த ரோல்கள் அத்தனையும் மூடிய லாரியில் அனுப்பர்பாளையத்துக்குப் போயின. அங்கே அவருடைய மச்சானுக்குப் பாத்திர குடோன் இருந்தது. எவர்சில்வர் குடங்களுக்குப் பின்னால் துணியை அடுக்கிவிட்டு வந்தார்கள். மெஷின்களைத் துடைத்து வரிசையில் நிறுத்தினார்கள். செல்போனில் யாராவது படம் எடுத்திருந்தால் அழித்துவிடச் சொன்னார். காலை எட்டரைக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தனாவிடம் அம்மா போனில் அழுதிருந்தாள். கடன் கொடுத்தபோது பேங்க்காரர்கள் கட்டாயமாக எடுக்கவைத்த இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது, புயல் மழைக்கும் சேர்த்து. கீர்த்தனா அப்பாவைக் கேட்காமலே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் எழுதிவிட்டாள்.

மூன்றாம் நாள், சேதத்தை மதிப்பிட கோயமுத்தூரிலிருந்து சர்வேயர் வந்தார். நேரம் பார்த்து வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மகுடேஸ்வரனுக்கு ஆர்டர் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர் அதே நேரத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்ரகலா டீத் தட்டோடு உள்ளே நுழைந்தபோது சர்வேயர் கேட்டுக்கொண்டிருந்தார், "மொத்தம் என்னங்க சேதம்?"

"நாலு தகரம்தானுங்க பறந்துச்சு. வேற ஒண்ணுமில்லீங்க. புள்ளை பயந்துக்கிட்டு உங்களுக்கு எழுதிப்போட்டுருச்சு" என்றார் மகுடேஸ்வரன், சிரித்த முகமாக.

சர்வேயர் அவரை ஒரு தரம் பார்த்தார், மேலே தார்ப்பாயைப் பார்த்தார். "அப்படியே எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்கங்க."

சொன்னதைச் சர்வேயர் எழுத, கீழே இவர் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். சித்ரகலா வாயைத் திறந்தாள். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் அவள் நினைத்துக்கொள்வாள். தட்டைக் கீழே போட்டு உடைத்தாவது பேசியிருக்கலாம்.

தண்ணீர் புகுந்த மோட்டார் உடனே சாகாது. துடைத்து வைத்தால் நாலு நாள் ஓடும், நம்பிக்கை கொடுக்கும், ஐந்தாம் நாள் புகைந்து நிற்கும். மெஷின்கள் அப்படி ஒவ்வொன்றாக நின்றன. இரண்டு வாரத்தில் முப்பத்தாறில் ஓடியது ஒன்பது. குடோனில் துணியைப் பிரித்துப் பார்த்தால் கருப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். பாத்திரக் கடை மச்சான், "மாப்ள, நாத்தம் தாங்கலீங்க" என்று போன் செய்தார். அந்த வாரமே இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது. 'சேதம் மிகச் சிறியது என்று தாங்களே ஒப்புக்கொண்டபடியால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.' கம்பெனிக்கும் அதை ஒட்டியிருந்த வீட்டுக்கும் சேர்த்து ஒரே பத்திரம், அது பேங்கில் இருந்தது. பணம் வராவிட்டால் இரண்டும் போகும். தையல் பெண்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

சித்ரகலாவுக்கு அர்த்தநாரியைப் பற்றிச் சொன்னது மங்கலத்தில் தறி ஓட்டும் ஒரு சொந்தக்காரப் பெண். போன வருஷம் தறிக்கூரை விழுந்தபோது அவர்தான் இன்சூரன்ஸ்காரர்களோடு பேசிப் பணம் வாங்கிக் கொடுத்தாராம். அறுபதைத் தாண்டிய மனிதர். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, இப்போது சேதப்பட்டவர்கள் பக்கம் நின்று பேசுகிறார். பணம் வந்தால் அதில் ஒரு பங்கு, வராவிட்டால் பஸ் காசு. கணவரிடம் கேட்காமலே அவள் அவரை வரவழைத்தாள். மகுடேஸ்வரன் கண்டும் காணாததுமாக இருந்துவிட்டார்.

தோல் பையும் காகிதக் கட்டுமாக ஒருவர் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? "கீர்த்தனாவுக்கு ஜாதகம் கொண்டாறாருங்க" என்று சித்ரகலா சொல்லிவிட்டாள். கணவரிடம் படித்த பாடம்தானே. எதிர்வீட்டு அம்மாள் தன் அண்ணன் மகன் ஜாதகத்தையும் அர்த்தநாரி கையில் திணித்துவிட்டாள். பாவம், அவர் அதையும் மரியாதையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வேலையில் அவர் கெட்டி. காற்று அடித்த நாளின் வானிலை அறிக்கை வாங்கினார். கிராம அலுவலரிடம் சான்று வாங்கினார். குடோனுக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு ரோலையும் படம் எடுத்தார். முதலாளி அழிக்கச் சொன்ன வீடியோவை மூக்கம்மாள் அழிக்கவில்லை, ஊரிலிருக்கும் தங்கச்சிக்கு அனுப்பியிருந்தாள். அதையும் வாங்கிக்கொண்டார். மறுபடியும் ஒரு சர்வே வேண்டும் என்று மனுக் கொடுத்தார். எல்லாம் ஆன பிறகு மகுடேஸ்வரன் முன்னால் ஒரு தாளை வைத்தார்.

"இதுதானுங்க கடைசி. 'மொத வாட்டி நான் சொன்னது தப்பு'ன்னு நீங்க எழுதிக் குடுக்கோணும். உங்க கையெழுத்து அங்க ஃபைல்ல இருக்குது. அதை நீங்களே இல்லைன்னு சொல்லாம வேற ஆரு சொன்னாலும் செல்லாதுங்க."

மகுடேஸ்வரன் தாளைத் தொடவில்லை. "நான் பொய் சொன்னேன்னு என்ற கையாலயே எழுதோணுமா?"

"பொய்யின்னு போட வேண்டாமுங்க. தவறான தகவல்னு போட்டுக்கலாம்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒன்பது நாள் அந்தத் தாள் டிவிக்கு மேல் கிடந்தது. சித்ரகலா கெஞ்சினாள். சாப்பாடு வைக்கும்போது பேசினாள், சாப்பிட்டு முடித்ததும் பேசினாள். மகளைப் போனில் பேசவைத்தாள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறவரிடம் யார் என்ன பேசுவது? கடைசியில் ஒரு காலை, இன்னும் இரண்டு மெஷின் நின்றுபோனது என்று மூக்கம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனபின், அவளுக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது.

"உங்க கௌரவத்தை மோட்டாருக்குள்ள போட்டு ஓட்டுங்க, ஓடுதான்னு பாக்கலாம்" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர் எழுந்துகொண்டார். சவரம் செய்துகொள்ளக் கண்ணாடி முன்னால் போனார். சற்று நேரத்தில் தண்ணீர்ச் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ சொல்ல முயன்றார், சத்தம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சு வரவில்லை. பேசுவது எல்லாம் புரிகிறது, பதில் சொல்லத்தான் முடியாது, போகப்போகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். தன் வாயால்தான் அவர் வாய் போனது என்று சித்ரகலா முடிவு கட்டிவிட்டாள். டாக்டர் ரத்தக் கொதிப்பு என்றார், சர்க்கரை என்றார். அவள் கேட்டுத் தலையாட்டினாள், நம்பவில்லை.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த நேரம் பார்த்து மறு சர்வேக்குத் தேதி வந்தது. அர்த்தநாரி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று நோயாளியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சமையல்கட்டு வாசலில் நின்று தணிந்த குரலில் பேசினார்.

"அம்மிணி, சொல்றதுக்கே எனக்குக் கூச்சமா இருக்குது. அந்தத் தாள் இல்லாம இன்சூரன்ஸ்காரங்க உள்ளயே வர மாட்டாங்க. நீங்க எழுதி, அவரு எடது கைப் பெருவிரலை வெச்சாப் போதும்."

"படுத்துக் கெடக்கறவரைப் போயிப் பொய்யருன்னு எழுதச் சொல்றீங்களா?"

அர்த்தநாரி தோல் பையைக் கீழே வைத்தார். "அப்படி எழுத வேண்டாமுங்க. எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு எழுதுங்க. அவிய கேக்கறதும் அதுதான். காரணம் என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

மத்தியானம் கணவருக்குக் கஞ்சி கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, அவள் அடுப்பு மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதினாள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். மூன்றாவது தாளில் நின்றது இது:

'என் கணவரால் பேச முடியாது. அவருக்காக மனைவி சித்ரகலா எழுதுகிறேன். ஆபீசர் முதலில் வந்தபோது நாலு தகரம் பறந்தது என்று அவர் சொன்னார். பாதிக் கூரை பறந்தது. மெஷினும் துணியும் எல்லாம் நனைந்தன. ஏமாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். நஷ்டம் என்று வெளியே தெரிந்தால் யாரும் நூல் தர மாட்டார்கள், ஆர்டர் தர மாட்டார்கள் என்று பயந்தார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்கு இந்தப் பயம் உண்டு. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.'

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். அடிக்கவில்லை. இவ்வளவு எழுதிவிட்டு அதை மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் அர்த்தநாரி சாட்சிக்கு வந்தார். படித்துக் காட்டாமல் விரல் வாங்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்ரகலா கட்டில் ஓரம் உட்கார்ந்து படித்தாள். நாலு தகரம் வரைக்கும் மகுடேஸ்வரன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பயந்து சொன்னார்' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவள் நிறுத்தினாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வராது என்று தோன்றியது, மடமடவென்று மீதியையும் படித்து முடித்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. அர்த்தநாரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ஏனுங்க, வேண்டாம்னா வெரலை மடக்கிக்கங்க. நான் கிழிச்சுப் போட்டறேன். ஊடு போனாப் போகட்டும்" என்றாள் சித்ரகலா. அதை அவள் மனசாரத்தான் சொன்னாள்.

அவர் விரலை மடக்கவில்லை. இடது கையைத் தானே மெல்ல நகர்த்தித் தாளின் பக்கம் கொண்டுவந்தார். சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்ட மனிதரின் பெருவிரலை அவள் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினாள்.

இந்த முறையும் அதே சர்வேயர்தான் வந்தார். தாளைப் படித்துவிட்டு, "அன்னைக்கே எனக்குத் தோணுச்சுங்க" என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் வேலை இருக்கிறதே. எழுதியிருப்பது உண்மையா என்று வேலையாட்களிடம் விசாரிக்க வேண்டும். தையல் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, தாளை உரக்கப் படித்துக் காட்டி, இப்படித்தானா நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசி வரி வரைக்கும் படித்தார். சித்ரகலா இதை எதிர்பார்க்கவில்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அன்று சாயங்காலம் கம்பெனி விட்டுப் பெண்கள் கலைந்தபோது, விஷயமும் அவர்களோடு பெருமாநல்லூர் முழுக்கப் போயிற்று.

இரண்டரை மாதம் கழித்துப் பணம் வந்தது, கேட்டதில் முக்கால் பங்கு. அர்த்தநாரி தன் பங்கை வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டு ஜாதகத்தையும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏஜென்சிக்காரர் ஒரு ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றினார், சின்னதாக ஒன்றை விட்டுவைத்தார். "அவரு எந்திரிச்சு வரட்டுமுங்க, பாத்துக்கலாம்" என்றார். நூல்காரர் இனிமேல் முன்பணம் வேண்டும் என்றார். மகுடேஸ்வரன் பயந்ததில் பாதி நடந்தது. ஆனாலும் கூரை ஏறியது, மோட்டார் மாற்றினார்கள், வீட்டுக்கு ஆபத்து நீங்கியது.

ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்து மெஷின்களை மறுபடி ஓட்டினார்கள். சித்ரகலா அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். முன்பெல்லாம் அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு அடங்கும், தலைகள் மெஷினுக்குக் குனியும். இன்றைக்கு யாரும் குனியவில்லை. எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் அவர் வாயோரம் துடைத்தாள். மூக்கம்மாள் தரையில் உட்கார்ந்து அவருடைய செயலற்ற வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"மொதலாளி, எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? நாங்க என்ன வேத்து ஆளா? இத்தன வருசமா ஒத்தையிலயா பயந்துக்கிட்டு இருந்திய?"

அன்பாகத்தான் கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மற்றவர்களும் அவரை அப்படித்தான் பார்த்தார்கள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்ப்பது மாதிரி. மகுடேஸ்வரன் யாரையும் பார்க்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து, மூக்கம்மாளின் கைகளிலிருந்து மெல்ல வெளியே இழுத்தார். மடியில் கிடந்த துண்டை அதன்மேல் போட்டு மூடினார். பிறகு வாசல் பக்கம் விரலைக் காட்டினார்.

சித்ரகலா நாற்காலியைத் திருப்பினாள். முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும் வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது அவள் அழுதுவிட்டாள்.

"நான் வேற என்னங்க பண்ணுவேன்? சொல்லுங்க, நான் வேற என்ன பண்ணியிருக்கோணும்?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரே ஒரு தரம் அவர் அவளை வைதுவிட்டால் அவளுக்குப் போதும், அதற்குப் பிறகு எதையும் தாங்கிக்கொள்வாள். வைவதற்கு அவருக்கு வாயில்லை.